மானிட்டரிங் சர்வர்களுக்கு பேட்ச் போடும்போது அலர்ட் நிற்காமல் பார்த்துக்கொள்வது: முழுமையான வழிகாட்டி

மானிட்டரிங் சர்வருக்கு (மற்ற சர்வர்களைக் கண்காணித்து, சிக்கல் வந்தால் அலர்ட் அனுப்பும் சர்வர்) பேட்ச், அதாவது மென்பொருள் புதுப்பிப்பு, போட்டு ரீபூட் செய்யும் சில நிமிடங்களில் இரண்டு விதமான தவறு நடக்கலாம். வர வேண்டிய அலர்ட் வராமல் போவது ஒன்று. இதை எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள், ஓரளவு தயாராகவும் இருக்கிறார்கள். இன்னொன்று, இன்னும் தீராத பிரச்சினை 'தீர்ந்தது' என்று ஆன்-காலில் இருப்பவரின் (அந்த நேரத்தில் அலர்ட்டைக் கவனிக்கும் பொறுப்பில் உள்ளவரின்) போனுக்குச் செய்தி போவது. இரண்டாவதுதான் அதிக ஆபத்து. செய்தியைப் பார்த்தவர் லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்துவிடுவார்; பிரச்சினை அங்கேயே இருக்கும்.

இந்த வழிகாட்டி ப்ரோமீதியஸ், அலர்ட்மேனேஜர் அமைப்பை மையமாக வைத்தது. ப்ரோமீதியஸ் அளவீடுகளைச் சேகரித்து ரூல்களோடு ஒப்பிடும்; அலர்ட்மேனேஜர் அதிலிருந்து வரும் அலர்ட்களைத் தொகுத்து உரியவருக்கு அனுப்பும். இன்னொரு மானிட்டரிங் மென்பொருளான ஜாபிக்ஸ், கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெடிஸ் இரண்டுக்கும் பின்னால் தனிப் பகுதி உண்டு. பரிந்துரையாகச் சொல்பவை தவிர, இங்கே வரும் எண்கள் மென்பொருளின் இயல்பு மதிப்புகள். உங்கள் கான்ஃபிக்கில் மாற்றியிருந்தால் கணக்கையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

## அலர்ட் போகும் பாதையை முதலில் எழுதுங்கள்

பேட்ச் பட்டியலைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் இதை எழுதுங்கள்: எக்ஸ்போர்ட்டர் (சர்வரின் அளவீடுகளை வெளியிடும் சிறு நிரல்), ப்ரோமீதியஸ், ரூல் மதிப்பீடு, அலர்ட்மேனேஜர், அங்கிருந்து மெயில் ரிலே அல்லது வெப்ஹூக் (வேறு சேவையின் இணைய முகவரிக்குச் செய்தி அனுப்பும் வழி), வெளியே போகும் ப்ராக்ஸி, டிஎன்எஸ், கடைசியில் போன். ஒவ்வொரு கண்ணிக்கும் பக்கத்தில் அது எந்த சர்வரில் ஓடுகிறது, அதற்கு இணை எங்கே இருக்கிறது என்று குறியுங்கள்.

பல இடங்களில் இந்தத் தாளே பாதி வேலையை முடித்துவிடும். ப்ரோமீதியஸ் இரண்டு இருக்கும். இரண்டும் ஒரே ஹைப்பர்வைசரில் (பல மெய்நிகர் சர்வர்களைத் தாங்கும் இயந்திரத்தில்) ஓடும். அலர்ட்மேனேஜர் மூன்று இருக்கும். மூன்றும் ஒரே மெயில் ரிலே வழியாகத்தான் வெளியே போகும். அந்த ரிலேவும் அதே இரவின் பேட்ச் பட்டியலில் இருக்கும். இணை இல்லாத கண்ணி எதுவோ அதை வேறு நாளுக்குத் தள்ளுங்கள், அல்லது அதற்கு மாற்று வழி ஒன்றை முன்கூட்டியே போட்டு வையுங்கள்.

## தொடங்கும் முன் இருக்க வேண்டியவை

ஒரே கான்ஃபிக், ஒரே ரூல்களோடு ஓடும் இரண்டு ப்ரோமீதியஸ் ரெப்ளிகா (நகல்) தேவை. இரண்டும் எல்லா டார்கெட்டையும் (கண்காணிக்கும் இலக்கு) தனித்தனியாக ஸ்க்ரேப் செய்ய வேண்டும், அதாவது அளவீடுகளைப் போய் எடுத்துவர வேண்டும். ஒன்று மற்றொன்றையும் ஸ்க்ரேப் செய்ய வேண்டும்.

ரெப்ளிகாவை அடையாளம் காட்டும் எக்ஸ்டர்னல் லேபிள் வைத்திருந்தால், அலர்ட் ரீலேபிள் பகுதியில் அந்த லேபிளை நீக்கிவிட்டுத்தான் அலர்ட்மேனேஜருக்கு அனுப்ப வேண்டும். நீக்காவிட்டால் ஒரே பிரச்சினை இரண்டு தனி அலர்ட்களாகத் தெரியும். ஒரு ரெப்ளிகாவை நிறுத்தியவுடன் அதன் பங்கு மட்டும் 'தீர்ந்தது' என்று போகும்.

அலர்ட்மேனேஜர் இரண்டு போதும், மூன்று நல்லது. இதில் கோரம் கணக்கு (பெரும்பான்மை உயிரோடு இருக்க வேண்டும் என்ற விதி) கிடையாது. ஒன்றே ஒன்று உயிரோடு இருந்தாலும் அலர்ட் போகும். தகவல் தொடர்பு அறுந்தால் இரண்டு முறை அனுப்பினாலும் பரவாயில்லை, அனுப்பாமல் மட்டும் இருக்கக்கூடாது என்ற எண்ணத்தில்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். மூன்று வைத்திருப்பதன் பயன், ஒன்றை இறக்கும்போதும் மீதி இரண்டு ஒன்றுக்கொன்று துணையாக இருப்பது.

அலர்ட்மேனேஜர்களின் முன்னால் லோட் பேலன்சர் வைக்காதீர்கள். ஒவ்வொரு ப்ரோமீதியஸும் எல்லா அலர்ட்மேனேஜர் முகவரிக்கும் நேராக அனுப்ப வேண்டும். இரட்டிப்பை நீக்குவது அலர்ட்மேனேஜரின் வேலை. 9093 போர்ட் அலர்ட்களை வாங்க. 9094 அவை தங்களுக்குள் பேசிக்கொள்ள. 9094-ல் டிசிபி, யூடிபி இரண்டுமே திறந்திருக்க வேண்டும். யூடிபி மூடியிருந்தால் சைலன்ஸும் (குறிப்பிட்ட அலர்ட்களைத் தற்காலிகமாக அடக்கும் அமைப்பு) அறிவிப்புப் பதிவும் (எதை அனுப்பியாயிற்று என்ற குறிப்பு) ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாமதமாகப் போகும், இரட்டை அலர்ட் வரத் தொடங்கும்.

கடைசியாக, வெளியிலிருந்து காவல். எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் 'வாட்ச்டாக்' அலர்ட் ஒன்றை ரூலில் வைத்து, அதை உங்கள் நெட்வொர்க்குக்கு வெளியே உள்ள ஒரு ஹார்ட்பீட் சேவைக்கு அனுப்புங்கள். அது வருவது நின்றால் அந்தச் சேவை உங்களைக் கூப்பிடும். இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ரிப்பீட் இன்டர்வலை (அதே அலர்ட்டை மறுபடி அனுப்பும் இடைவெளி) 1 நிமிடம் என்று வைத்துவிட்டு, குரூப் இன்டர்வலை (ஒரு அலர்ட் குழுவை மறுபடி பார்க்கும் இடைவெளி) இயல்பான 5 நிமிடத்திலேயே விட்டுவிடுவார்கள். குரூப் இன்டர்வல் சுற்றில்தான் மறு அனுப்பு நடக்கும் என்பதால் வாட்ச்டாக் 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் போகும். வெளிச் சேவையின் காத்திருப்பும் 5 நிமிடம் என்றால் வீண் கூப்பாடு தொடர்ந்து வரும். வாட்ச்டாக் ரூட்டுக்கு மட்டும் இரண்டையும் 1 நிமிடமாக வையுங்கள்.

வாட்ச்டாக்கை எல்லாவற்றுக்கும் நம்பிவிடக்கூடாது. இரண்டு ரெப்ளிகாவில் ஒன்று செத்தாலும் மற்றொன்று அதை அனுப்பிக்கொண்டே இருக்கும். அது போகும் ரிசீவரும் ஹார்ட்பீட் சேவைக்கானதே தவிர, எஸ்எம்எஸ் வழி அல்ல. அதற்குத்தான் கீழே சொல்லும் கேனரி அலர்ட்.

## பொய்யான 'தீர்ந்தது' எப்படிப் பிறக்கிறது

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். பேட்ச் இரவின் காத்திருப்பு நேரங்கள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

ப்ரோமீதியஸ் எரியும் அலர்ட் ஒன்றை அனுப்பும்போது, அது எந்த நேரம் வரை செல்லும் என்ற முடிவு நேரத்தையும் சேர்த்தே அனுப்புகிறது. மதிப்பீட்டு இடைவெளி, மறு அனுப்புத் தாமதம் இரண்டில் எது பெரிதோ அதன் நான்கு மடங்கு. இரண்டின் இயல்பு மதிப்பும் 1 நிமிடம் என்பதால் 4 நிமிடம். மதிப்பீட்டை 15 நொடியாகக் குறைத்திருந்தாலும் மறு அனுப்புத் தாமதம் 1 நிமிடமாகவே இருக்கும். கணக்கு அதே 4 நிமிடம்தான். அதற்குள் புதுப்பித்த செய்தி வரவில்லை என்றால் அலர்ட்மேனேஜர் அந்த அலர்ட் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, அடுத்த குரூப் இன்டர்வல் சுற்றில் 'தீர்ந்தது' என்று அனுப்பிவிடும். அலர்ட்மேனேஜர் கான்ஃபிக்கில் உள்ள 5 நிமிட ரிசால்வ் டைம்அவுட்டை ஏற்றினால் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். முடிவு நேரம் இல்லாமல் வரும் அலர்ட்களுக்குத்தான் அது பொருந்தும்.

ஒரே ஒரு ப்ரோமீதியஸ் வைத்திருப்பவர் 4 நிமிடத்துக்கு மேல் அதை இறக்கினால் பொய்ச் செய்தி ஏறக்குறைய நிச்சயம். இரண்டு ரெப்ளிகா இருந்தால் மற்றொன்று புதுப்பித்துக்கொண்டிருக்கும், சிக்கல் இல்லை. ஆனால் முதல் ரெப்ளிகா திரும்பி வந்த உடனே இரண்டாவதை இறக்கினால் பொய்ச் செய்தி வரலாம்.

காரணம் ரூலில் எழுதும் 'ஃபார்' காலம்: நிபந்தனை எவ்வளவு நேரம் தொடர்ந்தால் அலர்ட் எரிய வேண்டும் என்பது. ரீஸ்டார்ட் ஆன ப்ரோமீதியஸ், நின்றிருந்த நேரம் 1 மணிக்குள் இருந்தால், ஃபார் நிலையைத் தன் பழைய டேட்டாவிலிருந்து மீட்டெடுக்கும். ஆனால் ஃபார் காலம் 10 நிமிடத்துக்குக் குறைவான ரூல்களுக்கு இந்த மீட்பு கிடையாது. அவை பூஜ்ஜியத்திலிருந்து எண்ணத் தொடங்கும். ஃபார் 5 நிமிடம் உள்ள ஒரு டிஸ்க் அலர்ட் மூன்று மணி நேரமாக எரிந்துகொண்டிருந்தாலும், ரீஸ்டார்ட்டுக்குப் பின் 5 நிமிடம் 'பெண்டிங்' நிலையில்தான் இருக்கும். பெண்டிங் அலர்ட் அலர்ட்மேனேஜருக்குப் போகாது. அந்த 5 நிமிடத்துக்குள் மற்ற ரெப்ளிகாவையும் இறக்கினால், அதன் கடைசிச் செய்தி 4 நிமிடத்தில் காலாவதியாகும். 'தீர்ந்தது' போகும், சற்று நேரத்தில் மறுபடி 'எரிகிறது' போகும்.

10 நிமிடமும் அதற்கு மேலும் ஃபார் உள்ளவற்றில், ஏற்கெனவே எரிந்தவை மீட்பு முடிந்ததும் திரும்ப எரியும். பெண்டிங்கில் இருந்தவற்றுக்குக் குறைந்தது 10 நிமிட அவகாசம் கொடுக்கப்படும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு ரெப்ளிகா தயாரானதற்கும் அடுத்ததை இறக்குவதற்கும் இடையே 15 நிமிடம் விடுவது பாதுகாப்பானது. இதைக் குறைக்கச் சொல்லி அழுத்தம் வரும், குறைக்காதீர்கள்.

## தானாக நடக்கும் ரீஸ்டார்ட்டை அடக்குங்கள்

ஒழுங்காகத் திட்டமிட்ட பேட்ச்சைவிட, யாரும் தொடாமல் தானாக நடக்கும் பேட்ச்தான் அதிகம் கெடுக்கிறது. உபுண்டு, டெபியனில் அன்அட்டெண்டெட் அப்கிரேட்ஸ் இரண்டு ரெப்ளிகாவிலும் ஒரே அதிகாலையில் ஓடலாம். நீட்ரீஸ்டார்ட் கருவி, அமைத்திருக்கும் விதத்தைப் பொறுத்து, லைப்ரரி மாறியவுடன் அதைப் பயன்படுத்தும் சர்வீஸ்களை ரீஸ்டார்ட் செய்துவிடும்.

ப்ரோமீதியஸ், அலர்ட்மேனேஜர், பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டர் (வெளியிலிருந்து பிங், ஹெச்டிடிபி சோதனை செய்வது) பேக்கேஜ்களை ஏபிடி-மார்க் ஹோல்டு அல்லது டிஎன்எஃப் வெர்ஷன்லாக் கொண்டு பூட்டுங்கள். நீட்ரீஸ்டார்ட் கான்ஃபிக்கில் இந்த சர்வீஸ்களை விலக்குங்கள். தானியங்கி ரீபூட் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் தானியங்கி பேட்ச் வேண்டும் என்றால், ரெப்ளிகா ஏ-க்கும் பி-க்கும் வேறு வேறு நாள் கொடுங்கள்.

இன்னொரு விதி: ஓஎஸ் பேட்ச்சும் ப்ரோமீதியஸ் பதிப்பு உயர்த்தலும் ஒரே இரவில் வேண்டாம். ஏதாவது உடைந்தால் எது உடைத்தது என்று தெரியாமல் இரண்டையும் பின்வாங்க வேண்டியிருக்கும்.

## கேனரி அலர்ட்: முழுப் பாதையையும் சோதிக்கும் வழி

அலர்ட்மேனேஜரின் கட்டளைக் கருவியான ஏஎம்டூல் கொண்டு ஒரு போலி அலர்ட் சேர்ப்பது எளிது. ஆனால் அது அலர்ட்மேனேஜரிலிருந்து போன் வரை உள்ள பாதையை மட்டுமே சோதிக்கும். ஸ்க்ரேப்பும் ரூலும் சோதனைக்குள் வர வேண்டும் என்றால் நோட் எக்ஸ்போர்ட்டரின் டெக்ஸ்ட்ஃபைல் கலெக்டரை (கோப்பில் எழுதியதை மெட்ரிக்காக வெளியிடும் வசதி) பயன்படுத்துங்கள்.

இன்று பேட்ச் ஆகாத ஒரு சர்வரில், டெக்ஸ்ட்ஃபைல் கோப்புறைக்குள் 'கேனரி' என்ற மெட்ரிக் ஒன்றை மதிப்பு 0 உடன் வையுங்கள். மதிப்பு 1 ஆனதும் எரியும் ரூல் ஒன்று எழுதுங்கள், ஃபார் வேண்டாம். உண்மையான ஆன்-கால் ரிசீவருக்கே அது போகட்டும், தலைப்பில் மட்டும் 'சோதனை' என்று இருக்கட்டும். மெட்ரிக்கில் 'சுற்று' என்று ஒரு லேபிள் வைத்து ஒவ்வொரு முறையும் அதன் மதிப்பை மாற்றுங்கள், அலர்ட்களைக் குழுவாக்கும் குரூப் பை பட்டியலிலும் அதைச் சேருங்கள். இல்லையென்றால் இரண்டாம் முறை அது பழைய குழுவிலேயே விழுந்து, புதிய குழுவுக்கான 30 நொடி குரூப் வெயிட்டுக்குப் பதில் 5 நிமிட குரூப் இன்டர்வலுக்குக் காத்திருக்கலாம். பாதை உடைந்துவிட்டதோ என்று வீணாகப் பதறுவீர்கள்.

ஸ்க்ரேப் 1 நிமிடம், மதிப்பீடு 1 நிமிடம், குரூப் வெயிட் 30 நொடி என்றால், போன் ஒலிக்க அதிகபட்சம் 3 நிமிடம் எதிர்பார்க்கலாம். பேட்ச்சுக்கு முன்பே ஒருமுறை ஓட்டி, உங்கள் அமைப்பில் எவ்வளவு ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அன்று இரவு ஒப்பிட அந்த எண் வேண்டும்.

## முந்தைய நாள் பார்க்க வேண்டியவை

கான்ஃபிக்கையும் ரூல்களையும் ப்ரோமீதியஸின் கருவியான ப்ராம்டூலின் செக் கட்டளையாலும், அலர்ட்மேனேஜர் கான்ஃபிக்கை ஏஎம்டூலாலும் சரிபாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் பழைய நல்ல கான்ஃபிக்கை நினைவில் வைத்திருக்கும். டிஸ்க்கில் இருப்பதை யாரோ பாதி திருத்தி விட்டிருப்பார்கள். ரீபூட் ஆனதும் அது எழுந்திருக்காது. பேட்ச்சுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றாலும் பழி பேட்ச் மேல்தான் விழும்.

டபிள்யூஏஎல் ரீப்ளேக்கு (தொடங்கும்போது டிஸ்க்கில் எழுதி வைத்த அண்மைப் பதிவை ப்ரோமீதியஸ் மறுபடி படிப்பது) எவ்வளவு நேரம் ஆகும் என்று பாருங்கள். சென்ற முறை ப்ரோமீதியஸ் தொடங்கியபோது ஜர்னல் லாகில் ரீப்ளே முடிந்த வரியும் அதற்கான மொத்த நேரமும் பதிவாகியிருக்கும். பல லட்சம் சீரிஸ் உள்ள சர்வரில் இது நிமிடக் கணக்கில் போகும். அந்த எண் தெரியாமல் பேட்ச் நேரத்தைத் திட்டமிடவே முடியாது.

லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் நிறுத்தக் காலம் இயல்பாக 90 நொடி. அதற்குள் ப்ராசஸ் முடியாவிட்டால் வலுக்கட்டாயமாகக் கொல்லப்படும். அலர்ட்மேனேஜர் தன் சைலன்ஸ்களையும் அறிவிப்புப் பதிவையும் 15 நிமிடத்துக்கு ஒருமுறையும், ஒழுங்காக நிறுத்தும்போதும் டிஸ்க்கில் எழுதுகிறது. கொல்லப்பட்டால் கடைசி எழுத்துக்குப் பின் நடந்தவை போய்விடும். இரண்டு சர்வீஸுக்கும் நிறுத்தக் காலத்தை 300 நொடியாக ஏற்றிவிடுங்கள்.

வார், பூட் பார்டிஷன்களில் இடம் இருக்கிறதா, பழைய கெர்னல் ஒன்றாவது பாக்கி இருக்கிறதா, சர்வரின் கன்சோலுக்குள் எஸ்எஸ்ஹெச் இல்லாமல் நுழைய வழி உண்டா என்பதையும் பார்த்துவிடுங்கள். டேட்டாவுக்கு ப்ரோமீதியஸின் அட்மின் ஏபிஐ வழியாக ஸ்னாப்ஷாட் எடுக்கலாம். பழைய பிளாக்குகளுக்கு ஹார்டு லிங்க் மட்டுமே போடுவதால் அதிக இடம் பிடிக்காது.

## எந்த வரிசையில் போவது

அலர்ட் பாதையிலிருந்து தள்ளி இருப்பவற்றை முதலில் தொடுங்கள்: கிராஃபானா, தானோஸ் க்வெரி போன்ற பார்ப்பதற்கான கருவிகள். அதே பேட்ச் தொகுப்பு அங்கே ஏதாவது உடைத்தால் இழப்பு ஒரு டாஷ்போர்டு மட்டும்தான். அடுத்து பிளாக்பாக்ஸ் போன்ற ப்ரோபர்கள். பிறகு ப்ரோமீதியஸ் பி, 15 நிமிடம் கழித்து ப்ரோமீதியஸ் ஏ. கடைசியில் அலர்ட்மேனேஜர்கள் ஒவ்வொன்றாக. ஒரு ப்ரோமீதியஸும் ஒரு அலர்ட்மேனேஜரும் ஒரே நேரத்தில் கீழே இருக்கக்கூடாது. இரண்டும் ஒரே சர்வரில் இருந்தால் அந்த ஜோடியை ஒரே அலகாக எண்ணி, அலர்ட்மேனேஜருக்கான சோதனைகளையும் சேர்த்துச் செய்த பிறகே அடுத்த சர்வருக்குப் போங்கள்.

கிராஃபானாவிலேயே அலர்ட் ரூல்கள் வைத்திருந்தால் அது 'பார்க்கும் கருவி' அல்ல. அதையும் ப்ரோமீதியஸ் போல நடத்துங்கள்.

## ப்ரோமீதியஸ் ரெப்ளிகா: படிப்படியாக

1. ஆன்-காலில் இருப்பவரிடம் நேரத்தைச் சொல்லுங்கள். இரட்டை அலர்ட் வரலாம் என்பதையும், 'தீர்ந்தது' வந்தால் அன்று மட்டும் நேரில் பார்த்து உறுதி செய்யவும் சொல்லுங்கள்.

2. இறக்கப்போகும் சர்வருக்கு மட்டும் சைலன்ஸ் போடுங்கள். இன்ஸ்டன்ஸ் லேபிள் முழுமையாகப் பொருந்த வேண்டும். காலம் 45 நிமிடம் போதும், காரணத்தையும் எழுதுங்கள். வேலை இழுத்தால் நீட்டிக்கலாம். டேட்டாசென்டர் முழுவதற்கும் 4 மணி நேர சைலன்ஸ் போடுவது, அலர்ட் நிற்காமல் பார்த்துக்கொள்ளும் வேலையை நீங்களே ரத்து செய்வதற்குச் சமம்.

3. மற்ற ரெப்ளிகா நலமா என்று பாருங்கள். ரெடி எண்ட்பாயின்ட் (தயாரா என்று சொல்லும் முகவரி) 200 தர வேண்டும். 'அப்' மெட்ரிக் 1 ஆக உள்ள டார்கெட் எண்ணிக்கை இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். எரியும் அலர்ட்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். ரூல் மதிப்பீட்டுத் தோல்வி, கைவிடப்பட்ட நோட்டிஃபிகேஷன் இரண்டு கவுன்ட்டரும் ஏறாமல் இருக்க வேண்டும். கண்டுபிடித்த அலர்ட்மேனேஜர் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும்.

4. முதலில் ப்ரோமீதியஸ் சர்வீஸை மட்டும் நிறுத்துங்கள். லாகில் ஒழுங்காக முடிந்த செய்தி வந்த பிறகு பேட்ச்சைப் போடுங்கள்.

5. பேட்ச்சுக்குப் பின் ரீபூட் தேவையா என்று பாருங்கள். ரெட் ஹேட் குடும்பத்தில் நீட்ஸ்-ரீஸ்டார்ட்டிங் கருவியை ஆர் கொடியோடு ஓட்டினால், ரீபூட் தேவை என்றால் வெளியேறும் எண் 1. டெபியன், உபுண்டுவில் ரன் கோப்புறையில் ரீபூட்-ரிக்கொயர்டு கோப்பு இருக்கும். கெர்னல் மாறவில்லை என்றாலும் ஜிலிப்சி போன்ற அடிப்படை லைப்ரரி மாறியிருந்தால் ரீபூட் செய்துவிடுவதே நிம்மதி.

6. ரீபூட் ஆனதும் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். நேரத்தைச் சரிசெய்யும் க்ரோனி சேவை ஒத்திசைந்துவிட்டதா? இது சின்ன விஷயம் அல்ல. ப்ரோமீதியஸ் அனுப்பும் முடிவு நேரம் அதன் சொந்தக் கடிகாரப்படி எழுதப்படுகிறது. அலர்ட்மேனேஜரின் கடிகாரம் அதைவிட 4 நிமிடத்துக்கு மேல் முன்னால் ஓடினால், எரியும் அலர்ட் வந்து சேரும்போதே முடிந்துபோனதாகத்தான் தெரியும். போன் ஒலிக்கவே ஒலிக்காது.

7. சிஸ்டம்டி 'ஆக்டிவ்' என்று காட்டுவதை நம்பாதீர்கள். டபிள்யூஏஎல் ரீப்ளே ஓடிக்கொண்டிருக்கும்போதே அது அப்படிக் காட்டும். அந்த நேரத்தில் ரெடி எண்ட்பாயின்ட் 503 தரும். 200 வரும் வரை ப்ரோமீதியஸ் வேலைக்கு வரவில்லை என்றுதான் அர்த்தம். பொறுமை இழந்து நடுவில் ரீஸ்டார்ட் செய்தால் ரீப்ளே மறுபடி முதலிலிருந்து ஓடும்.

8. 200 வந்த நேரத்தைக் குறித்து, 15 நிமிடம் காத்திருங்கள். பிறகு 3-ஆம் படியின் ஒப்பீடுகளை மறுபடி செய்யுங்கள். எரியும் அலர்ட் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாகும் வரை நகராதீர்கள்.

9. கேனரியை எரியவிட்டு, போனில் வந்ததா என்று பாருங்கள். வந்தால் மற்ற ரெப்ளிகாவுக்குப் போகலாம்.

ரிமோட் ரைட் (டேட்டாவை வேறு சேமிப்பகத்துக்கு அனுப்பும் வசதி) வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். பெறும் பக்கத்தை, அதாவது மிமிர், தானோஸ் ரிசீவ் போன்றவற்றை பேட்ச் செய்யும்போது, ப்ரோமீதியஸ் டபிள்யூஏஎல்லிலிருந்து மறுபடி அனுப்பிக்கொள்ளும். ஆனால் அந்தப் பொறுமை சுமார் 2 மணி நேரம்தான். அதற்கு மேல் பெறும் பக்கம் கீழே கிடந்தால் டேட்டா போய்விடும்.

## அலர்ட்மேனேஜர்

இங்கே முக்கியம் நினைவுதான்: எந்த சைலன்ஸ் இருக்கிறது, எந்த அலர்ட்டை ஏற்கெனவே அனுப்பியாயிற்று. இந்த இரண்டும் டேட்டா கோப்புறையில் இருக்கின்றன, கூட்டாளிகளிடமும் இருக்கின்றன. கன்டெய்னரில் ஓட்டி, டேட்டா கோப்புறையை நிலையான வால்யூமில் வைக்காமல், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ரீஸ்டார்ட் செய்தால் சைலன்ஸ்கள் மறையும். எரிந்துகொண்டிருக்கும் எல்லா அலர்ட்டும் புதிதாக ஒருமுறை அனுப்பப்படும். ஒவ்வொன்றாகப் போனால், திரும்பி வருவது கூட்டாளியிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும்.

ஒன்றை நிறுத்துங்கள், பேட்ச் போடுங்கள், ரீபூட் செய்யுங்கள். எழுந்ததும் கிளஸ்டர் மெம்பர்ஸ் மெட்ரிக் எல்லா அலர்ட்மேனேஜரிலும் முழு எண்ணிக்கையைக் காட்ட வேண்டும். ஹெல்த் ஸ்கோர் 0 ஆக இருக்க வேண்டும். ஃபெய்ல்டு பியர்ஸ் 0 ஆக வேண்டும். சைலன்ஸ் பட்டியலை எழுந்ததிலும் மற்றதிலும் ஒப்பிடுங்கள். இணைந்த பின் நிலைபெற 1 நிமிடம் வரை எடுத்துக்கொள்ளும். 5 நிமிடம் விட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கிளஸ்டரில் முதல் இடத்தில் இருப்பது உடனே அனுப்பும், இரண்டாவது 15 நொடி காத்திருக்கும், மூன்றாவது 30 நொடி. ஒன்று இறங்கி ஏறும்போது இந்த இடங்கள் மாறும். அந்த நேரத்தில் ஓரிரண்டு இரட்டை அலர்ட் வருவது இயல்பே.

ஒவ்வொரு அலர்ட்மேனேஜரும் வெளியே போக முடிகிறதா என்பதைத் தனித்தனியாகச் சோதியுங்கள். மற்றவை உயிரோடு இருக்கும்போது அவை அனுப்பிவிடுவதால், புதிதாக பேட்ச் ஆனதன் வெப்ஹூக் உடைந்திருப்பது தெரியாமலே போகும். பேட்ச் ஆன சர்வரிலிருந்து நேரடியாக, சர்வீஸ் ஓடும் அதே பயனராக, அதே ப்ராக்ஸி வழியாக வெப்ஹூக் முகவரியை கர்ல் செய்து பாருங்கள். இங்கே அடிக்கடி மாட்டுவது சிஏ (சான்றிதழ் ஆணையம்) சான்றிதழ். நிறுவனத்தின் உள் சிஏவை யாரோ பண்டில் கோப்புக்குள்ளேயே நேரடியாக ஒட்டியிருப்பார்கள். பேக்கேஜ் புதுப்பித்ததும் அந்தக் கோப்பு மாறி, டிஎல்எஸ் இணைப்பு உடையும். உள் சிஏவை அதற்கென உள்ள ஆங்கர் கோப்புறையில் வைத்து, அப்டேட்-சிஏ-ட்ரஸ்ட் ஓட்டுவதுதான் சரி. டெபியன் குடும்பத்தில் அதே வேலைக்கு அப்டேட்-சிஏ-சர்டிஃபிகேட்ஸ்.

## பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டரின் பொறி

ஐசிஎம்பி பிங் அனுப்ப இதன் பைனரிக்கு நெட்-ரா உரிமை செட்கேப் மூலம் கொடுத்திருப்பார்கள். அந்த உரிமை கோப்போடு ஒட்டியது. புதிய பைனரி பழையதன் இடத்தில் வந்ததும் உரிமை இருக்காது. சர்வீஸ் நன்றாக ஓடும், ஹெச்டிடிபி ப்ரோப்கள் ஓடும், பிங் மட்டும் எல்லா ஹோஸ்ட்டுக்கும் தோல்வி. அடுத்த சில நிமிடத்தில் நெட்வொர்க்கே விழுந்ததுபோல் அலர்ட் வெள்ளம் வரும். உரிமையை சிஸ்டம்டி யூனிட்டில் ஆம்பியன்ட் கேப்பபிலிட்டியாகக் கொடுத்துவிட்டால் பைனரி மாறினாலும் கவலை இல்லை.

கன்டெய்னர் ஓடும் சர்வரில் ஃபயர்வால் சேவை ரீலோட் ஆனால் டாக்கர் போட்ட ஐபிடேபிள்ஸ் விதிகள் அழிந்துபோகலாம். பேட்ச்சுக்குப் பின் உள்ளே எல்லாம் பச்சையாக இருந்து, வெளியிலிருந்து போர்ட் மட்டும் திறக்கவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

## ஒரே ஒரு ப்ரோமீதியஸ்தான் இருக்கிறது என்றால்

தற்காலிகமாக இரண்டாவது ஒன்றை எழுப்புங்கள். அதே கான்ஃபிக், அதே ரூல், அதே அலர்ட்மேனேஜர். டார்கெட்களின் ஃபயர்வாலில் அதன் ஐபிக்கு அனுமதி வாங்குவதுதான் நீளமான வேலை, அதை முந்தைய வாரமே தொடங்குங்கள்.

எவ்வளவு முன்பே எழுப்ப வேண்டும்? உங்கள் அலர்ட் ரூல்களில் உள்ள மிக நீளமான விண்டோவும் அதன் ஃபார் காலமும் சேர்ந்த நேரம். 6 மணி நேர டிஸ்க் போக்கை வைத்து நிரம்பும் நேரத்தைக் கணிக்கும் ரூல் இருந்தால், 6 மணி நேர டேட்டா சேராமல் அந்தத் தற்காலிக சர்வர் சரியான பதில் சொல்லாது. 1 நாள் சராசரி உள்ள ரூல் இருந்தால் 1 நாள். எரியும் அலர்ட் பட்டியல் இரண்டிலும் ஒன்றாகத் தெரிந்த பிறகே பழையதை இறக்குங்கள். பழையது திரும்பி வந்து 15 நிமிடம் ஆன பிறகே தற்காலிகத்தை அணையுங்கள்.

இதற்கும் வழியில்லை என்றால், நிறுத்தும் நேரத்தை 4 நிமிடத்துக்குள் முடிக்க முடியுமா என்று ரீப்ளே நேரத்தைக் கூட்டிக் கணக்கிடுங்கள். அதற்குள் முடிந்தாலும், ஃபார் காலம் குறைவான ரூல்கள் மறுபடி எண்ணி முடிக்கும்வரை அவற்றின் அலர்ட் போகாது என்பதையும் கணக்கில் சேருங்கள். முடியாது என்றால், எரியும் அலர்ட் பட்டியலை அச்சிட்டு ஆன்-காலில் இருப்பவர் கையில் கொடுங்கள். அந்த நேரம் முடியும்வரை அந்தப் பட்டியல்தான் உண்மை, போனில் வருவது அல்ல.

## ஜாபிக்ஸ்

6.0 பதிப்பிலிருந்து சர்வருக்குச் சொந்தமாகவே ஹெச்ஏ (ஒன்று விழுந்தால் மற்றொன்று பொறுப்பேற்கும் அமைப்பு) உண்டு. ஹெச்ஏ-ஸ்டேட்டஸ் கட்டளையில் எது ஆக்டிவ், எது ஸ்டாண்ட்பை என்று பாருங்கள். ஸ்டாண்ட்பையை முதலில் பேட்ச் செய்து, அது மறுபடி ஸ்டாண்ட்பை ஆகக் காட்டிய பின் ஆக்டிவை ஒழுங்காக நிறுத்துங்கள். ஒழுங்காக நிறுத்தினால் சில நொடிகளில் மற்றது பொறுப்பேற்கும். மின்சாரம் பிடுங்கியது போல் விழுந்தால் இயல்பான ஃபெயில்ஓவர் தாமதமான 1 நிமிடம் முழுவதும் காத்திருக்கும்.

ஜாபிக்ஸ் ப்ராக்ஸிகள் (சர்வருக்காக டேட்டா சேகரிப்பவை), சர்வர் எட்டாதபோது டேட்டாவை இயல்பாக 1 மணி நேரம் சேமித்து வைக்கும். பெரிய வேலை என்றால் அந்த ஆஃப்லைன் பஃபரை முன்கூட்டியே ஏற்றுங்கள். டேட்டா பிழைக்கும், ஆனால் ட்ரிகர் (ஜாபிக்ஸின் அலர்ட் விதி) மதிப்பீடு தாமதமாகத்தான் நடக்கும் என்பதை மறக்க வேண்டாம். டேட்டாபேஸ் ஒன்றே என்றால் ஹெச்ஏ சர்வர் இருந்தும் பயனில்லை. அதை பேட்ச் செய்யும் முன், டேட்டாபேஸ் விழுந்தால் செய்தி பெறும் பயனர் குழு அமைந்திருக்கிறதா என்று பார்த்து, வேலையைச் சுருக்கமாக முடியுங்கள்.

## குபெர்னெடிஸ்

நோடை (கிளஸ்டரில் உள்ள ஒரு சர்வர்) ட்ரெய்ன் செய்வதற்கு, அதாவது காலி செய்வதற்கு முன், ப்ரோமீதியஸுக்கும் அலர்ட்மேனேஜருக்கும் பாட் டிஸ்ரப்ஷன் பட்ஜெட் உண்டா, அதிகபட்சம் ஒன்றுதான் இல்லாமல் போகலாம் என்று இருக்கிறதா பாருங்கள். ரெப்ளிகாக்கள் வேறு வேறு நோடில் இருக்க ஆன்டி-அஃபினிட்டியைக் கட்டாயமாக்குங்கள். விருப்பமாக மட்டும் விட்டால் முதல் ட்ரெய்னிலேயே இரண்டும் ஒரே நோடில் போய் உட்காரலாம். டிஸ்ரப்ஷன் பட்ஜெட் பாட் ரெடி ஆவதை மட்டுமே பார்க்கும். மேலே சொன்ன 15 நிமிடத்தை அது அறியாது. ஆகவே நோட்களுக்கு இடையிலான காத்திருப்பை ட்ரெய்ன் ஸ்கிரிப்ட்டில் நீங்களே வைக்க வேண்டும்.

## ப்ரோமீதியஸ் 3-க்குப் போகும்போது மட்டும்

2024 நவம்பரில் வந்த 3.0-க்குத் தாவும் முன் 2.55-ல் நின்று போங்கள். பின்வாங்க வேண்டிவந்தால் டேட்டாவோடு திரும்ப முடிவது அந்தப் பதிப்புக்குத்தான். ரூல்களில் கவனிக்க வேண்டியது, ரேஞ்ச் தேர்வின் இடது எல்லையில் சரியாக விழும் சாம்பிள் இப்போது கணக்கில் வராது. ஸ்க்ரேப் 1 நிமிடம், ரேட் விண்டோவும் 1 நிமிடம் என்று எழுதியவை முன்பு நேரம் பொருந்தியதால் ஓடியிருக்கலாம். இனி வெறுமையாகத் திரும்பும். வெறுமை என்றால் அலர்ட் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. விண்டோ, ஸ்க்ரேப் இடைவெளியின் நான்கு மடங்காவது இருக்கட்டும். ப்ராம்டூலின் டெஸ்ட் ரூல்ஸ் சோதனைகளைப் புதிய பதிப்பால் ஓட்டிப் பார்த்துவிட்டு உயர்த்துங்கள். அலர்ட்மேனேஜர் 0.27-ல் பழைய வி1 ஏபிஐ நீக்கப்பட்டது. அதற்கு நேரடியாக அலர்ட் தள்ளும் சொந்த ஸ்கிரிப்ட்கள் இருந்தால் முதலில் வி2-க்கு மாற்றுங்கள்.

## பின்வாங்குவதும் முடித்து வைப்பதும்

பின்வாங்கும் நேரத்தை முன்பே எழுதி வையுங்கள்: ரீபூட் ஆகி 20 நிமிடத்தில், அல்லது உங்கள் ரீப்ளே நேரத்தின் இரண்டு மடங்கில், இரண்டில் எது அதிகமோ அதற்குள் ரெடி 200 வரவில்லை என்றால் பழைய கெர்னலில் பூட் செய்ய வேண்டும். பேக்கேஜ்தான் காரணம் என்றால் டிஎன்எஃப் ஹிஸ்டரி அண்டூ, டெபியனில் பழைய பதிப்பைப் பெயர் சொல்லி நிறுவுதல். ஒரு ரெப்ளிகா சரியாகாமல் மற்றொன்றைத் தொடவே வேண்டாம். பேட்ச் ஆகாத ஒன்று இன்னும் ஒரு நாள் அப்படியே இருப்பதில் பெரிய இழப்பில்லை.

எல்லாம் முடிந்ததும் கடைசி கேனரியை ஓட்டுங்கள். போனில் 'சோதனை' வந்து, மெட்ரிக்கை 0 ஆக்கியதும் 'தீர்ந்தது'-வும் வர வேண்டும். இந்த இரண்டாம் செய்திக்கு ஸ்க்ரேப், மதிப்பீட்டு நேரத்தோடு 5 நிமிட குரூப் இன்டர்வலையும் சேர்த்துக் காத்திருங்கள். பிறகு நீங்கள் போட்ட சைலன்ஸ்களைத் தேடி எக்ஸ்பயர் செய்யுங்கள், வெளி ஹார்ட்பீட் சேவையை நிறுத்தி வைத்திருந்தால் திரும்ப ஓடவிடுங்கள், பேக்கேஜ் பூட்டுகள் இன்னும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொரு சர்வரின் ரீப்ளே நேரத்தையும் கேனரி வந்த நேரத்தையும் ரன்புக்கில் எழுதுங்கள். அடுத்த மாதப் பேட்ச்சின் அட்டவணையை அந்த எண்களிலிருந்தே போடலாம்.